வலது ஓரக் கட்டம்

அந்தக் கவுன்சலிங் மேடம் என்னிடம் இருபத்தாறு கேள்வி கேட்டார். மடியில் முந்தானைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே பதில் சொன்னேன். எண்ணிக்கொண்டிருந்தால் கைக்கு ஒரு வேலை இருக்கும். இப்போது என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என் பையன் தரணீஷை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். அவனுக்கும் இருபத்தாறுதானா, பிள்ளைகளுக்கு வேறு தாளா என்று தெரியவில்லை. கதவு மரமில்லை, தூளை ஒட்டிச் செய்த பலகை, அடிப்பக்கம் தண்ணீர் பட்டு ஊதிப்போயிருக்கிறது, இருந்தும் உள்ளே பேசுவது ஒரு சொல் கூடக் கேட்கவில்லை. அவன் வெளியாள் முன்னால் மெதுவாகத்தான் பேசுவான். என்னைத் தாண்டி உள்ளே போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தான். இடது செருப்பின் வாரில் ஊக்குக் குத்தியிருக்கிறேன், அதைத்தான் பார்த்திருப்பான். இரண்டு மாதத்தில் அவனுக்குக் கழுத்து நீண்டுவிட்டது. இல்லை, முடியை ஒட்ட வெட்டியதால் அப்படித் தெரிகிறதோ. இந்தக் கூர்நோக்கு இல்லத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வெட்டி, ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டுவிடுகிறார்கள், தூரத்தில் வரிசையாக வந்தால் என் பிள்ளை எது என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சமையல்கட்டிலிருந்து பூசணிக்காய் வேகிற வாசனை வருகிறது. அவன் பூசணிக்காய் தின்ன மாட்டான். இங்கே தின்கிறான் போலிருக்கிறது. வியாழக்கிழமை இளைஞர் நீதிக் குழுமம் உட்காருகிறது, மாஜிஸ்திரேட் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும். வீட்டுக்கு அனுப்பினால் இந்தப் பையன் மறுபடியும் இப்படிச் செய்வானா மாட்டானா என்று அதற்குள் இந்த மேடம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மாட்டான் என்று எழுதினால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம். செய்வான் என்று எழுதினால் வேறு ஊரில் இருக்கிற பெரிய இல்லத்தில் இரண்டு வருஷம். நன்னடத்தை அலுவலர் போனில் இதைச் சொன்னபோது நான் பண்ணையில் முட்டைக்கு நடுவில் நின்றிருந்தேன், சரிங்க சார், சரிங்க சார் என்று நாலு தடவை சொன்னேன். செய்ததற்குத் தண்டனை கொடுப்பது புரிகிறது. இன்னும் செய்யாததை எப்படிக் கண்டுபிடித்து எழுதுவார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை, போனை வைத்த பிறகு தோன்றியது, பிறகு பஸ்ஸில் வரும்போது தோன்றியது, இப்போதும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அவன் செய்தது இதுதான். மூன்று பேர் ஒரு வண்டியில் போனார்கள், இவன் ஓட்டினான், பின்னால் உட்கார்ந்தவன் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஆளின் போனைப் பிடுங்கினான், அந்த ஆள் விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே இழுபட்டு விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். அவருடைய மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இதை மேடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேடம் முதலில் கேட்டது பிரசவம் எப்படி என்று. பிறகு எத்தனை வீடு மாறினீர்கள், பையனின் அப்பா வீட்டில் இருப்பாரா, அவர் எப்போதாவது ஜெயிலுக்குப் போயிருக்கிறாரா. லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம், ஒரு தடவை ஆந்திராவில் விபத்து வழக்கில் பதினொரு நாள் உள்ளே இருந்தார் என்று சொன்னேன். அதுவரைக்கும் நடந்ததைத்தான் சொன்னேன். எட்டாவது கேள்வியில்தான், பையன் வீட்டில் எப்படிங்கம்மா என்று கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது. அதையேன் கேக்கறீங்க மேடம், அடங்காத பய, பெத்தவ பேச்சு ஒண்ணு கேக்க மாட்டான், உருப்படாத ஜென்மம் என்றேன். சிரித்துக்கொண்டே கூடச் சொன்னேன். பேனா ஒரு கோடு இழுத்தது. என்னை எதிரில் உட்கார வைக்காமல் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார், எனக்குப் பயம் தெளியட்டும் என்று அப்படிச் செய்திருக்கலாம், அதனால் தாள் நன்றாகத் தெரிந்தது. ஆங்கிலத் தாள். எட்டாவதோடு நின்றவளுக்கு அதில் என்ன தெரியும், கட்டம் தெரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கு நேராகவும் மூன்று கட்டம். என் பதிலுக்கு வலது ஓரக் கட்டத்தில் கோடு விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெளிச்சி. பண்ணையில் இருபத்திரண்டு வருஷமாக நான் முட்டை பிரிக்கிறேன், நல்ல முட்டை வலது பக்கத்து அட்டைக்குப் போகும், விரிசல் இடது பக்கம் போகும், நடுவில் வைப்பது அழுக்கு முட்டை, கழுவிவிட்டு மறுபடி பார்க்க வேண்டியது. கண்ணை மூடிக்கொண்டாலும் என் கை அப்படித்தான் போகும். அதனால் வலது ஓரத்தில் கோடு விழ விழ, நாம் சரியாகத்தான் பேசுகிறோம், இந்த மேடத்துக்கு நம் பேச்சு பிடித்திருக்கிறது, மற்றவர்கள் மாதிரி பிள்ளையைத் தூக்கி வைத்துப் பேசாமல் அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குள் ஓடியது. கோபம் வருமா என்றார். வந்தால் மனுசன் இல்லீங்க, பேய்ங்க என்றேன். வலது. கூட்டாளிகள் எப்படி என்றார். ஒண்ணு கூட நல்லது கிடையாதுங்க, இவன்தான் அதுகளுக்கு மூப்பன் என்றேன். இவன் மூப்பனே இல்லை, அவர்கள் கூப்பிட்டால் போகிறவன். அதுவும் வலது. செய்த தப்புக்கு வருத்தப்படுகிறானா என்றார். அவனாவது வருத்தப்படறதாவது என்றேன். இதற்கு முன்னால் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டபோது, பதினைந்து வயசில் யாருடைய வண்டியையோ கேட்காமல் எடுத்து ஓட்டி, ஊர்க்காரர்களே பிடித்து இரண்டு தட்டுத் தட்டி விட்டுவிட்டார்களே, எந்த ஸ்டேஷனிலும் எழுதாதது, அதையும் நானே சொன்னேன். பேனா ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிறுத்த முடியவில்லை.

கூட்டிக்கொண்டிருந்த ரெஜினா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இங்கே ஒன்பது வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறவள், பைல் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான், போன மனுநாளில், பிள்ளைகளைப் பார்க்க விடுகிற நாளில், எனக்குத் தண்ணீர் கொடுத்துப் பழக்கம். எல்லாம் நல்லபடியாச் சொன்னீங்களா என்று கேட்டாள். நல்லபடியாத்தான் போச்சு, கோடு பூராவும் வலது ஓரத்துலதான் விழுந்துச்சு என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்த ஓரம் என்று மறுபடி கேட்டாள். கையைக் காட்டினேன். வலது ஓரம் அதிகம்ங்க, என்றாள். எது அதிகம் என்றேன். மறுபடி செய்வான்ங்கறது. முதல் கட்டம் கம்மி, நடுவுல பாதிக்குப் பாதி, கடைசிக் கட்டம் அதிகம். கடைசியில நெறைய விழுந்தா பெரிய இல்லந்தான். அவள் எழுந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள், பிறகு போக மனசில்லாமல் நின்று, “இங்க வர்ற அம்மாக்கள் அத்தனை பேரும் எம்பையன் தங்கம், கூட இருந்தவன் கெடுத்துட்டான்னுதான் சொல்லும். நீங்க என்னடான்னா பெத்த புள்ளைய நீங்களே மாட்டி உட்டுட்டு வந்து உக்காந்திருக்கீங்க,” என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகவும் சொல்லவில்லை. தரையில் ஏதோ ஒட்டியிருப்பதைச் சுரண்டுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கூட்டின தரை காய்ந்துகொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறில் வலது ஓரம் எத்தனை. முதல் ஏழு கேள்வியை விட்டுவிட வேண்டும், அது என் வாய்க்கு முந்தியது. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் பேனா கொஞ்சம் யோசித்து நடுவில் விழுந்தது, அப்போது கூட நான் சும்மா இருக்காமல், இல்லீங்க மேடம், அதுலயும் மோசந்தான் என்று சொல்லி அடித்து மாற்ற வைத்தேன். அடித்து மாற்ற வைத்தேன். விரலை மடக்கிப் பார்த்தேன், பதினேழுக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டேன்.  அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பூசணிக்காய் தாளிக்கிற சத்தம் கேட்டது. கடுகு போட்டார்கள்.

தரணீஷுக்கு முந்தி ஒருவன் இருந்தான். மதன். இருபது வருஷத்துக்கு முந்தின கதை, இப்போது யாரும் பேசுவதில்லை, என் வீட்டுக்காரர் லாரியில் ஒட்டியிருந்த போட்டோவும் வண்டி கை மாறியபோது போய்விட்டது. ஒரு வயசும் இரண்டு மாதமும். தொடை இரண்டும் மடிப்பு மடிப்பாக இருக்கும், அந்த மடிப்புக்குள் பவுடர் போட்டால் எடுப்பதற்கு நேரமாகும். திருச்செங்கோட்டுக்கு பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, இது உங்க குழந்தையா, நம்பவே முடியலையே என்றாள். நான் கறுப்பு, அவன் எலுமிச்சை நிறம். எனக்குச் சுருக்கென்றது. அவனை மடியில் நிற்க வைத்து, இந்த பஸ்ஸுல எம்பையனாட்டம் ஒரு குழந்தை இருந்தா காட்டுங்க பாக்கலாம் என்றேன். நாலு சீட்டுக்குக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். நாலாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் இல்லை. மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்று டாக்டர் சொன்னார். கொசு எனக்கும் தெரியும். கொசு எல்லா வீட்டிலும்தான் இருந்தது. பஸ்ஸில் சொன்னது நான் ஒருத்திதான். அதற்கு மூன்று வருஷம் கழித்து இவன் பிறந்தபோது என் நாத்தனார் இவனை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடமிருந்து ஒரு படி தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கினோம். உயிரை எடுத்துப்போகிறவன் வந்து பார்த்தால், இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, தவிட்டு விலை, நமக்கெதற்கு என்று விட்டுவிட்டுப் போக வேண்டும். ஊரில் எல்லாரும் செய்வதுதான். நான் அதோடு நிறுத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கொழுகொழுவென்று இருக்கிறான் என்று யாராவது சொன்னால், தின்னு தின்னு ஊதிக் கிடக்குது சனியன் என்பேன். நன்றாகப் படிக்கிறான் என்று டீச்சர் சொன்னபோது, பாத்து எழுதியிருப்பானுங்க என்றேன். டீச்சர் அதன் பிறகு அவனை வேறு பெஞ்சில் மாற்றி உட்கார வைத்தார்கள். அதை அவன் வீட்டில் வந்து சொன்னான், நான் சோறு போட்டேன். அஞ்சு வயசில் ஒரு நாள், என்னைய எத்தன படி தவிட்டுக்கு வாங்கினீங்க என்று கேட்டான். ஒரு படி. ஒரு படிதானா, என்றான். ரெண்டு படியாவது குடுத்திருக்கலாம்ல, என்றான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் ஆசையாக இருப்பது தெரிந்துவிடும். யாருக்குத் தெரிந்துவிடும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் தெரிந்துவிடும்.

மேடத்துக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும். அவரும் தமிழ்நாட்டுப் பெண்தான், பேச்சைப் பார்த்தால் தெற்குப் பக்கம், காதில் சின்னக் கம்மல், என் மகள் என்று ஒருத்தி இருந்தால் அந்த வயசு. அவர் அம்மா அவரைத் திட்டியிருக்க மாட்டாளா. ஆனால் அந்தத் தாளில் கேள்விதானே இருக்கிறது, பதில் ஏன் அப்படி வந்தது என்று எழுத இடமிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இப்போது எழுந்து போய்க் கதவைத் தட்டி, நான் சொன்னது எதுவும் அப்படியில்லை என்று சொன்னால் என்ன. வெளியே உட்கார்ந்து யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து பேச்சை மாற்றுகிறாள் என்று அதற்கும் ஒரு கோடு விழும். குடும்பமே பொய் பேசுகிற குடும்பம் என்று. ரெஜினாவுக்கும் வேலை போய்விடும். சரி, மாற்றிச் சொல்வதென்றால் என்ன சொல்வது. நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றை நினைத்தேன், எனக்குச் சிக்குன்குனியா வந்து கை முடங்கிக் கிடந்தபோது அவன், என்று ஆரம்பித்தவுடனே உள்ளுக்குள்ளேயே, தூ, நாசமாப் போறவன் என்று ஒரு குரல் அதை மூடிவிட்டது. அது என் குரல்தான். நினைப்பதும் சொல்வது மாதிரிதான் என்று நானே ஒரு காலத்தில் முடிவு செய்து வைத்திருந்தேன். இன்னொன்று நினைத்தேன், அவங்கப்பா ஆந்திராவிலிருந்து வந்த அன்றைக்கு, தூ. பதினேழு வருஷத்தில் நல்லதெல்லாம் அரைவாசி அரைவாசியாகக் கிடக்கிறது, ஒன்றைக் கூட முழுசாக எடுக்க வரவில்லை. ஒரு வேளை நான் சொன்னதுதான் நிஜமோ என்று அப்போது தோன்றியது. முட்டை பிரிக்கும்போது விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பார்ப்போம், நல்ல முட்டை கணீரென்று இருக்கும், விரிசல் முட்டை சொத்தென்று இருக்கும். புதிதாக வருகிற பெண்கள் சந்தேகம் தீராமல் தட்டித் தட்டியே நல்ல முட்டையில் விரிசல் விடுவார்கள். சூப்பர்வைசர் வந்து கேட்டால், வரும்போதே விரிசலுங்க என்பார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். உருப்படாதவன், உருப்படாதவன் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை வைத்தாலும் பதினேழு வருஷத்துக்கு எத்தனை. கணக்கு வரவில்லை. வர வேண்டாம். வண்டியை ஓட்டுடா என்று அந்தப் பையன்கள் கூப்பிட்டபோது அவன் என்ன நினைத்துக்கொண்டு ஏறியிருப்பான். நாம் எப்படியும் அப்படித்தானே என்றா. அப்படி யாரும் நினைத்துக்கொண்டு ஏற மாட்டார்கள். வண்டி ஓட்டக் கிடைத்தால் ஏறுவார்கள். பெஞ்சில் என் கைக்கடியில் யாரோ ஆணியால் ஒரு பெயரைக் கீறியிருந்தார்கள், பாதியில் விட்டிருந்தது. உயிரோடு இருந்தால் போதும், எப்படிக் கெட்ட பெயர் எடுத்தாலும் உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் இத்தனை வருஷமாக இருந்தேன். பெரிய இல்லத்திலும் உயிரோடுதானே இருப்பான். இப்படி ஒரு நினைப்பு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. மறுபடியும் உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. மேடம்தான் தலையை நீட்டி, பூவாயி அம்மா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க என்றார். தரணீஷ் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஸ்டூல் போட்டார்கள். மேசையில் இப்போது இரண்டு தாள் இருந்தது, என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் கோடெல்லாம் ஒரே இடத்தில் விழுந்த மாதிரி இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பொறுமையாகத்தான் பேசினார். பெரும்பாலும் அம்மா ஒன்று சொல்வார்கள், பையன் வேறொன்று சொல்வான், இரண்டுக்கும் நடுவில் எது நிஜம் என்று பார்ப்பதுதான் தன் வேலை, இங்கே அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது என்றார். “நீ எப்படிப்பட்ட ஆளுன்னு ஒரு வார்த்தையில சொல்லுன்னு கேட்டேன்மா. உருப்படாதவன்னு சொன்னான். நீங்க சொன்ன அதே வார்த்தை.” தரணீஷ் மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். நகத்தை ஒட்டக் கடித்து வைத்திருந்தான். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரி சொன்னால் அதைத்தான் எழுத வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் உங்களிடம் கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன் என்று சொல்லி, இவனை வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் செய்வானா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்தேழு. நான் மடியில் விரலைத் தேடினேன். மேடம் நான் முன்னால சொன்னதெல்லாம், என்று ஆரம்பித்தேன். பொய்யாம்மா, என்றார். பொய் இல்லீங்க. அப்புறம்? அப்படித்தாங்க சொல்லோணும், என்றேன்.   வெளியே பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கச் சொல்லி விசில் அடித்தார்கள். அவன் நல்லவனுங்க, என்றேன். அது என் தொண்டையிலிருந்து வந்த மாதிரியே இல்லை, பக்கத்து அறையில் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. தரணீஷின் விரல் நின்றுவிட்டது. நல்லவன்னா எப்படிம்மா, நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, என்றார் மேடம்.

அப்போது ஒன்று முழுசாக வந்தது. தூ என்கிற குரலும் கூடவே வந்தது, அதற்கு மேல் ஏறிச் சொன்னேன். “பண்ணைக்குப் பைபாஸ்ல நடந்துதாங்க போகோணும். என்கூட வந்தான்னா லாரி வர்ற பக்கம் அவன் மாறிக்குவானுங்க. பத்து வயசுலிருந்து. நான் ரோட்டைத் தாண்டினா அவனும் சுத்தி வந்து மறுபடி அந்தப் பக்கமே வந்துருவான். ஒரு நாளும் வாயைத் திறந்து ஒண்ணு சொன்னதில்லீங்க. நானும் கேட்டதில்லீங்க.” சொல்லி முடிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஆகிவிட்டது. நாலு சீட்டுக்குக் கேட்டிருக்கும் போல ஒரு நினைப்பு.

“அம்மா,” என்றான் தரணீஷ். “போதும்மா. சொல்லாத.”

ஏம்ப்பா, என்றார் மேடம். அவன் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னான். “அதுக்குப் பயம் மேடம். என்னைய நல்லவன்னு சொல்லிட்டா நான் செத்துருவேன்னு அதுக்குப் பயம். இப்பச் சொல்லிருச்சுல்ல, இனி நான் எங்க இருக்கேன் எப்படி இருக்கேன்னு தூங்காது, சோறு திங்காது. அது முதல்ல சொன்னதையே எழுதிக்கங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.”

மதனைப் பற்றி நான் அவனிடம் பேசியதே கிடையாது. பஸ்ஸைப் பற்றி எந்த உயிரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் கேட்டிருப்பானா, அவருக்கும் பஸ் தெரியாதே. தானாகவேதான் கண்டுபிடித்திருக்க வேண்டும், என் வாயைப் பார்த்துப் பார்த்து, சின்ன வயசிலேயே, ஒரு படியா இரண்டு படியா என்று கேட்ட போதே கூட இருக்கலாம். அப்படியென்றால் நான் ஒவ்வொரு தடவை திட்டும்போதும் அவன் என்ன கேட்டுக்கொண்டிருந்தான். மேடம் பேனாவைத் திறந்தார், மூடினார். எந்தத் தாளில் எழுதுவது என்று யோசிக்கிற மாதிரி இரண்டையும் பார்த்தார். எழுதவில்லை. இன்னும் வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது. மூன்று நாளும் எனக்குத் தூக்கம் கிடையாது, அவன் சொன்னது சரிதான், காய்ச்சல் அடிக்கிறதா என்று எட்டி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன்.

“அப்புறம்ங்க மேடம்,” என்றேன்.

தரணீஷ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்தான். நான் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிக்குன்குனியா வந்து கை முடங்கிக் கிடந்தபோது அவன் எனக்கு ஒரு மாதம் தலை வாரிப் பின்னிவிட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன்.